பூட்டிய வீட்டுக்கு வந்த கடிதங்கள்

தபால்காரர் வருகிறார், வீடு பூட்டியிருக்கிறது. மறுநாள் மீண்டும் வந்து பார்ப்பார். ஆனால் பக்கத்து வீட்டார், "அப்படி யாரும் இங்கே இல்லையே" என்று சொல்லிவிட்டால்? கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். மின்னஞ்சலிலும் இதே கதைதான். இவ்விரண்டு விடைகளுக்கும் உள்ள வேற்றுமையை எங்கள் குடும்பம் 2015ஆம் ஆண்டு வெள்ளத்தில் கற்றது.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு மாணவன். என் தந்தையார் அஸ்தினாபுரத்தில் ஒரு சிறு தொழிற்கூடத்தில் கணக்கர். அங்கிருந்த அஞ்சல் சர்வரைக் கவனிக்கும் வேலையும் அவர் தலையில் விழுந்திருந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. மின்சாரம் போயிற்று, சர்வர் நின்றது.

ஆயினும் கடிதங்கள் தொலையவில்லை. வெளியூரில் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு வாயிற்காவல் கணிப்பொறி அவற்றைப் பிடித்து வைத்திருந்தது. விளம்பரக் குப்பையையும் மோசடிக் கடிதங்களையும் வடிகட்டுவதே அதன் முதல் வேலை. ஆனால் "பெற்றுக்கொண்டேன்" என்று அது சொன்ன கணமே கடிதத்தின் பொறுப்பு அதனைச் சேர்ந்துவிடுகிறது. உள்ளே சர்வர் படுத்துவிட்டால், கடிதங்களை வரிசையில் வைத்துக்கொண்டு விட்டு விட்டுக் கதவைத் தட்டும். 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய அஞ்சல் விதிகளின் வழிவந்த 2008ஆம் ஆண்டு விதிகள், ஒரு முயற்சி தோற்றால் பொதுவாக அரை மணியாவது பொறுத்து மறுபடி முயலவும், நான்கைந்து நாட்களாவது கைவிடாதிருக்கவும் சொல்கின்றன.

சர்வரின் விடைகள் எண்களாக வரும். 4இல் தொடங்கினால் "பிறகு வா". 5இல் தொடங்கினால் "இனி வராதே". விடையே வராவிட்டால் அதுவும் "பிறகு வா" என்றே கொள்ளப்படும். வேடிக்கை என்னவெனில், சில வடிகட்டிகள் முன்பின் அறியாதவரிடம் வேண்டுமென்றே "பிறகு வா" என்கின்றன. குப்பை அனுப்பும் நிரல்கள் பலவற்றுக்குத் திரும்பி வரும் பொறுமை கிடையாது!

நான்காம் நாள் மின்சாரம் வந்தது. தந்தையார் மகிழ்ச்சியோடு சர்வரை முடுக்கினார். அஞ்சல் வாங்கும் பகுதி விழித்துக்கொண்டது. ஊழியர் முகவரிப் பட்டியல் இருந்த பகுதி விழிக்கவில்லை. பட்டியல் காலியாகத் தெரியவே, ஒவ்வொரு கடிதத்துக்கும் "550, அப்படி யாரும் இல்லை" என்று சர்வர் சொல்லிற்று. மூன்று நாள் கண்ணாகக் காத்த வாயில், அச்சொல்லை நம்பி அத்தனை கடிதங்களையும் அனுப்பியவர்களுக்கே திருப்பிவிட்டது. செத்துக் கிடந்த சர்வரால் வராத கேடு, அரைத்தூக்கத்தில் எழுந்த சர்வரால் வந்தது. தொழிற்கூடம் மூடப்பட்டுவிட்டதென்று எண்ணி ஒரு பெரிய வாடிக்கையாளர் வேறிடம் போய்விட்டார். அம்மாதம் எங்கள் வீட்டுக்குப் பாதிச் சம்பளமே வந்தது. பட்டியல் கிடைக்காதபோது 4 சொல்லும்படி சர்வரை அமைத்திருக்கலாம். அதை அப்போது யார் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

மறு ஆண்டு டிசம்பர் 12இல் வர்தா புயல் வந்து, மீண்டும் சில நாட்கள் இருட்டு. மின்சாரம் வந்ததும் இம்முறை அவர் சர்வரைத் தொடவில்லை. முதலில் வாயிலிடம் "எதையும் உள்ளே அனுப்பாதே" என்று கட்டளையிட்டார். பிறகு சர்வரை எழுப்பி, பட்டியலைச் சரிபார்த்து, தம் பெயருக்கே ஒரு சோதனைக் கடிதம் போட்டார். அது வந்து சேர்ந்தபின், ஏரி மதகைத் திறப்பதுபோல், சிறிது சிறிதாகத்தான் வரிசையைத் திறந்தார். ஒரே மூச்சில் விட்டால் சர்வர் மறுபடி படுத்துவிடுமாம். நான் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒன்றுகூடத் திரும்பிப் போகவில்லை.