ஏரிக்கரையில் நம் பங்கு

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, இருபத்து நான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு முன் இங்கு ஒரே நாளில் பதிவான பெருமழை, 2004 அக்டோபர் 31இல் பெய்த 21 செ.மீ.தான். நகரத் தெருக்களில் நீர் வடியுமுன்பே, சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட வெள்ளம் தென்பெண்ணை வழியே வந்து பாகூர் கொம்யூனின் கரையோர ஊர்களைச் சூழ்ந்தது. புவி வெப்பம் உயர உயர இத்தகைய பெருமழைகள் மிகும் என்பது அறிவியலார் கூற்று.

இவ்வேளையில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியவை ஏரிகள். புதுவைப் பகுதியில் அவை எண்பத்து நான்கு. வில்லியனூரை அடுத்த ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் அவற்றுள் மிகப் பெரியவை. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணை நீரைப் பாகூருக்குக் கொணர்வது பங்காரு வாய்க்கால். பங்காரி, சிங்காரி என்னும் இருவரின் பெயரால் வழங்கும் கதை ஒன்றும் உண்டு. கதை எவ்வாறாயினும் வாய்க்கால் மெய்!

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இவ்வேரிகளின் பராமரிப்பை உழவர் சங்கங்களே கவனித்து வந்தன. மதகைத் திறப்பதும், வாய்க்காலைத் தூர்வாருவதும், அதற்கான செலவைப் பகிர்ந்து கொள்வதும் பாசனதாரரின் பொறுப்பாய் இருந்தன. பின்னர் ஆழ்குழாய்க் கிணறுகள் வந்தன. தன் நிலத்திலேயே பொத்தானை அழுத்தினால் நீர் கிடைக்கும்போது ஊர் ஏரியை எவர் நினைப்பார்? சங்கங்கள் தளர்ந்தன; வரத்து வாய்க்கால்கள் புதர் மண்டின; நிலத்தடி நீர் தாழ, கடலோரப் பகுதிகளில் உவர்நீர் உட்புகுந்தது. ஏரி அழிந்ததற்கு மண் காரணமன்று. உறவு அறுந்ததே காரணம் என்பேன்.

இதனை உணர்ந்தே 1999இல், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் ஏரிப் புனரமைப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது. கரையை உயர்த்தி மதகைச் சீர்செய்ததோடு நில்லாமல், ஊர்தோறும் ஏரிப் பயனாளர் சங்கங்கள் அமைக்கப்பட்டன. நிலமுடையோர் மட்டுமன்றி, நிலமற்றோரும் பெண்களும் அவற்றில் இடம்பெற்றனர். இது சிறிய மாற்றமன்று. ஏரியில் நீர் நின்றால் வயல்காரருக்குப் பாசனம். மாடு வளர்ப்போருக்கும், கிணற்றில் நீர் இறைக்கும் இல்லத்தரசிக்கும் அதில் பங்குண்டன்றோ? ஆயினும் திட்டத்தின் பணம் தீர்ந்த பின்னும் சங்கம் உயிரோடிருக்க வேண்டுமானால், ஏரி மீனிலும் மரத்திலும் வரும் வருவாயின் ஒரு பகுதியேனும் அதன் கைக்கு வரவேண்டும். அதிகாரமில்லாத சங்கம் பெயர்ப்பலகையாகவே எஞ்சும்.

இது கிராமத்தார் சிக்கல் என்று நகரவாசிகள் ஒதுங்குவதும் முறையன்று. புதுவை நகரம் அருந்துவது நிலத்தடி நீரையே. ஊசுட்டேரியில் மழைநீர் தேங்கினால் சுற்றுவட்டார நிலத்தடி நீர் ஊறும். தேங்க இடமில்லாத நீர் தாழ்வான தெருக்களைத் தேடி வரும்.

சுல்தான்பேட்டை, வில்லியனூர் சகோதரர்களே! ஜமாஅத் கூட்டத்தில் இதனையும் ஒரு பொருளாக வையுங்கள். உங்கள் தெருவோர வாய்க்கால் எந்த ஏரிக்குச் செல்கிறது, எவ்விடத்தில் குப்பையால் அடைபட்டுள்ளது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் வரைந்து, கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் மனுவாகக் கொடுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். தூர்வாரும் பணி கோடையிலேயே நடந்தாக வேண்டும்.