பாதையே இல்லாத பந்தயம்!

கார் பந்தயம் என்றதும் நம் மனக்கண்ணில் என்ன வரும்? வழவழவென்று தார் போட்ட பாதை. அதில் 'விர்ர்' என்று சுற்றிச் சுற்றி வரும் வண்டிகள். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, ஒருவர் கோப்பையும் கையுமாகச் சிரிப்பார். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் நடப்பதுகூட இந்த ரகம்தான்.

இன்னொரு ரகம் இருக்கிறது. அதில் சாலையே கிடையாது! மணல் மேடு, கூரான பாறை, காய்ந்துபோன ஆற்றுப் படுகை என்று வண்டி போகக்கூடாத இடங்களாகப் பார்த்துப் போகவேண்டும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். இப்படி இரண்டு வாரம்! நெடுந்தூர ராலி என்கிற இந்த வகையில் மிகப் பெரியது டாக்கர் ராலி. மோட்டார் சைக்கிள், கார், லாரி எல்லாம் ஓடும். ஆம், லாரிகூட!

"இதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்று பிரிக்காமல், ஒரே மணலில் ஒரே கடிகாரத்தை வைத்து எல்லோரையும் ஓடவிடும் பந்தயம் இது. அத்தனை ஆண்களையும் பின்னுக்குத் தள்ளி ஒரு பெண் ஜெயித்த பந்தயமும்கூட.

இது பிறந்த கதையே வேடிக்கை. தியரி சபீன் என்கிற பிரெஞ்சுக்காரர் 1977-ல் ஒரு ராலியில் மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போனபோது லிபியப் பாலைவனத்தில் வழி தவறிவிட்டார். தன்னந்தனியாக, தண்ணீர் இல்லாமல் திண்டாடி, கடைசி நேரத்தில் காப்பாற்றப்பட்டார். நாமாக இருந்தால் பிழைத்தோமே என்று வீட்டோடு இருந்திருப்போம். அவருக்கோ அந்த மணல்மேல் மோகம் பிறந்துவிட்டது! மற்றவர்களையும் அங்கே அழைத்துப்போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார். 1978 டிசம்பர் 26-ந் தேதி பாரிஸ் நகரிலிருந்து 182 வண்டிகள் புறப்பட்டன. போய்ச் சேரவேண்டிய இடம், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் செனகல் நாட்டுத் தலைநகரான டாக்கர். பத்தாயிரம் கிலோமீட்டர் பயணம். போய்ச் சேர்ந்தவை 74 வண்டிகள்தாம். அந்த முதல் வருஷமே மோட்டார் சைக்கிளில் பெண்களும் போனார்கள்.

அந்த முதல் வருஷமே ஓர் உயிரும் போயிற்று. நைஜர் நாட்டில் அகதேஸ் என்ற ஊரருகே, ஓட்டிக்கொண்டே ஹெல்மெட் வாரைப் பூட்ட முயன்ற ஓர் இளைஞர் விழுந்து இறந்துபோனார். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, "போய்க்கிட்டே மாட்டிக்கலாம்" என்கிற குரலைக் கேட்டுப் பழகிய நம் எல்லோருக்கும் இந்தச் செய்தி கொஞ்சம் உறைக்கும்.

சரி, பாதையே இல்லாத இடத்தில் வழி எப்படித் தெரியும்? அங்கேதான் சுவாரசியம். ஒவ்வொரு நாளைக்கும் ஒரு வழிப்புத்தகம் தருவார்கள். முன்பு மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு அது நீளமான காகிதச் சுருள். இப்போது கணினித் திரையாகி வருகிறது. அதில் வரைபடம் இருக்காது. 'இத்தனையாவது கிலோமீட்டரில் வலது பக்கம் திரும்பு', 'இந்தத் திசையில் நேராகப் போ', 'இங்கே பள்ளம்' என்று சின்னச் சின்னப் படமும் குறியும்தான். ஆபத்துக்கு ஆச்சரியக்குறி. ஒன்று என்றால் ஜாக்கிரதை, மூன்று என்றால் உயிருக்கே ஆபத்து! நம் கைபேசி 'இடது பக்கம் திரும்பவும்' என்று சொல்வதுபோல் எதுவும் சொல்லாது. வண்டியில் உள்ள கருவி, குறிப்பிட்ட இடத்துக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் லேசாக வழிகாட்டும். அந்த இடத்தைத் தவறவிட்டால் தண்டனையாக நேரம் கூட்டிவிடுவார்கள்.

காரில் ஓட்டுபவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து இந்தக் குறிப்புகளைப் படித்துச் சொல்வார். அவர் தப்பாகப் படித்தால் அவ்வளவுதான், இரண்டு பேரும் மணலில். (வழி கேட்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் கணவர்கள் இந்தப் பந்தயத்தில் முதல் நாளே காலி!) மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கோ அந்தத் துணையும் கிடையாது. ஓட்டுவதும் படிப்பதும் ஒருவரே.

ஆகவே வேகம் மட்டும் இருந்தால் போதாது. தூக்கத்தைக் கணக்குப் பண்ண வேண்டும், டயரைப் பார்த்துச் செலவழிக்க வேண்டும், வண்டியின் சத்தத்தில் சிறு மாற்றம் வந்தாலும் காது கண்டுபிடிக்க வேண்டும். தண்ணீர் விஷயம் அதைவிட முக்கியம். மோட்டார் சைக்கிள்காரர்கள் 3 லிட்டர் தண்ணீரை முதுகுப் பையில் சுமந்து, வாயருகே வரும் குழாயால் மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டே போவார்கள். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருந்தால் உடம்பு முன்பே வற்றியிருக்கும், தலை சுற்றும், படிக்கும் குறிப்பு மனசில் நிற்காது. சாயங்காலம் கூடாரம் போட்ட முகாமுக்கு வந்து சாப்பிட்டால் சிலருக்கு அப்போதுதான் வேலையே ஆரம்பம். மெக்கானிக் வைத்துக்கொள்ளாமல் ஒற்றை ஆளாக வருபவர்களுக்கென்று ஒரு பிரிவு உண்டு. ஒரு பெட்டி, ஒரு கூடாரம், அவ்வளவுதான். சங்கிலியைக் கழுவி, டயரை மாற்றி, கண்ணயரும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும்.

இந்த ஆட்டத்தில் ஒரு நல்ல விதி உண்டு. வழியில் அடிபட்டுக் கிடப்பவரைக் கண்டு நின்று உதவினால், நின்ற நேரத்தைத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

வழி தவறினால் என்ன ஆகும் என்பதை உலகமே பார்த்தது 1982 ஜனவரியில். இங்கிலாந்துப் பிரதமர் மார்கரெட் தாட்சரின் மகன் மார்க், பிரெஞ்சுப் பெண் ஓட்டுநர் அன்-ஷார்லத் வெர்னி, ஒரு மெக்கானிக் - மூவரும் சென்ற கார் சகாராவில் காணாமற் போயிற்று. ஒரு நாள், இரண்டு நாள்... ஆறு நாள்! தந்தை அல்ஜீரியாவுக்கே பறந்து போனார். 'இரும்புப் பெண்மணி' என்று பெயர் வாங்கிய தாய், நாலு பேர் பார்க்கக் கண்ணீர் விட்டார். நல்லவேளை, மூவரையும் உயிரோடு கண்டுபிடித்தார்கள். பதவி எத்தனை பெரிதாக இருந்தால் என்ன, காணாமற் போனது பெற்ற பிள்ளை அல்லவா!

ஆனால் எல்லாத் தாய்மார்களுக்கும் பிள்ளை திரும்பி வரவில்லை. 1988-ல் மாலி நாட்டில் சாலையைக் கடந்த பத்து வயதுச் சிறுமி பந்தய வண்டி மோதி இறந்தாள். அதே வருஷம் மாரிட்டேனியாவில், ராலியைப் படம் பிடிக்க வந்த வண்டி ஒரு தாயையும் மகளையும் பலி வாங்கியது. 2006-லும் இரண்டு சிறுவர்கள். ஓட்டுபவர்கள் ஆபத்தைத் தெரிந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். தண்ணீர் எடுக்கவோ ஆடு மேய்க்கவோ வீதியைக் கடந்த அந்தக் குழந்தைகள் எதில் கையெழுத்துப் போட்டார்கள்? இதை நினைக்கும்போது சாகசம் என்ற வார்த்தை எனக்குக் கசக்கத்தான் செய்கிறது. ஊர்களுக்குள் வேகத்துக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். மீறினால் தண்டனை உண்டு. பந்தயத்தை உண்டாக்கிய சபீனும் 1986-ல் மாலியில், அதே ராலியின்போது, ஹெலிகாப்டர் விபத்தில் மாண்டார்.

இனி அந்தப் பெண்ணைப் பற்றி. ஜெர்மனியில் 1962-ல் பிறந்த யூட்டா கிளைன்ஷ்மிட் படித்தது பௌதிகம். வேலை பார்த்தது பி.எம்.டபிள்யூ. கம்பெனியில். மோட்டார் சைக்கிளில்தான் இந்தப் பாலைவனத்துக்கு முதலில் வந்தார். பிறகு காருக்கு மாறினார். 1997-ல் ஒரு நாள் ஓட்டத்தில் முதலாவதாக வந்தார். அதுவரை எந்தப் பெண்ணும் செய்யாத காரியம் அது.

2001-ல் முடிவுக்கு முந்தின நாள். முன்னணியில் இருந்தவர் ஜப்பானியரான மசுவோகா. ஷ்லெஸ்ஸர் என்ற பிரெஞ்சுக்காரரும் அவர் கூட்டாளியும் தங்கள் முறை வருமுன்பே புறப்பட்டு மசுவோகாவின் வழியை மறித்தார்கள். கோபத்தில் விலகி முந்தப் போன மசுவோகாவின் வண்டி அடிபட்டது. ஷ்லெஸ்ஸருக்கு ஒரு மணி நேரம் தண்டனை. ஆண்கள் இப்படி முட்டிக்கொண்டிருக்க, யூட்டா தம் வண்டியைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். வித்தியாசம் வெறும் 2 நிமிஷம் 39 வினாடி! 'அதிர்ஷ்டம்' என்றார்கள் சிலர். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, இவ்வளவு நெருக்கத்தில் இருந்தவருக்கு அல்லவா அந்த அதிர்ஷ்டம் உதவும்?

பாதுகாப்பு மிரட்டலால் 2008 பந்தயம் ரத்தாயிற்று. பெயர் மட்டும் மாறாமல் அடுத்த வருஷம் தென் அமெரிக்காவுக்குப் போயிற்று. 2020 முதல் சவூதி அரேபியாவுக்கு. பெண்கள் கார் ஓட்டவே 2018 ஜூன் வரை அனுமதி இல்லாத நாடு அது! அங்கே 2022-ல் தானியா அகீல், மஷாயில் அல் ஒபைதான் என்று இரண்டு சவூதிப் பெண்கள் கலந்துகொண்டார்கள். சிறு வண்டிகள் பிரிவில் தானியாவுக்கு எட்டாம் இடம். 2024-ல் அதே மாதிரி சிறு வண்டிப் பிரிவில் முதலிடமே பெற்றவர் ஸ்பெயினின் கிறிஸ்டினா குட்டியரெஸ். பல் டாக்டர்!

நம்மவர்களும் சும்மா இல்லை. பெங்களூர் சி.எஸ். சந்தோஷ் 2015-ல் முதல் இந்தியராகப் போய் முழுப் பந்தயத்தையும் முடித்தார். நம் ஓசூர் டி.வி.எஸ்., பிரெஞ்சுக் கம்பெனியான ஷெர்கோவுடன் சேர்ந்து அணி அனுப்பியிருக்கிறது. அந்த அணியில் ஓட்டிய கேரளத்து ஷொரணூர்ப் பையன் ஹரித் நோவா 2024-ல் தம் பிரிவில் முதலிடம். மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பதினோராமிடம். இந்தியாவிலிருந்து ஒரு பெண் அங்கே மோட்டார் சைக்கிளைக் கிளப்பும் செய்திக்குத்தான் காத்திருக்கிறேன்.