லாகின் ஆகலையா? அந்த ஒரு பட்டனுக்குப் பின்னால் இவ்வளவு இருப்பது தெரியுமா?

இன்றைய இணையத்துக்கு வித்திட்ட நெட்வொர்க்கின் முதல் லாகினே ஃபெயில் ஆனதுதான், தெரியுமா? 1969 அக்டோபர் 29, இரவு பத்தரை மணி. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தின் கணினிக்குள் நுழைய ‘லாகின்’ என்று ஒவ்வொரு எழுத்தாக அடித்தார்கள். எல்... போய்ச் சேர்ந்தது. ஓ... சேர்ந்தது. ஜி? எதிர்முனைக் கணினி படுத்துவிட்டது! இரண்டுக்கும் இடையே சுமார் 560 கிலோமீட்டர். பொதிகை எக்ஸ்பிரஸ் ராத்திரி முழுக்க ஓடிக் கடக்கும் சென்னை–தென்காசி தூரத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு!

நாலு பேர் கூட்டணி சேர்ந்து சுடும் கேமில் உள்ளே போக முடியவில்லை என்றால் உங்கள் கருவியைத் திட்டாதீர்கள். 2024 பிப்ரவரி 8-ல் வெளிவந்த ‘ஹெல்டைவர்ஸ் 2’ கதையைக் கேளுங்கள். சுவீடனின் ஆரோஹெட் நிறுவனம் செய்த கேம் அது. எதிர்பார்த்ததைவிட எத்தனையோ மடங்கு கூட்டம்! ஒரே நேரத்தில் 4.5 லட்சம் பேருக்கு மேல் விட முடியாது என்று சர்வருக்குக் கதவு போட்டார்கள். போதவில்லை. சில நாளில் 7 லட்சம் ஆக்கினார்கள்! உள்ளே போனவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வெளியே வந்தால் மறுபடி இடம் கிடைக்காதே என்று கேமை ஓடவிட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள், தூங்கினார்கள்! குற்றாலச் சீசனில் மெயின் அருவிக்கு அடியில் நின்றுகொண்டு நகரவே மாட்டேன் என்கிறவர்களைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். அருவியில் போலீஸ் விசில் ஊதும். கேமில்? 15 நிமிடம் சும்மா நின்றால் தானாக வெளியேற்றும் வசதியைக் கொண்டுவந்தார்கள்!

இன்னும் ஆச்சரியம்: காசு கம்மியாக இருந்தால் இப்போதைக்கு வாங்காதீர்கள், சர்வர் சரியாகட்டும் என்று நிறுவனத் தலைவரே சொன்னார்! தன் கடைக்கு வராதே என்று சொன்ன முதலாளியை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

அதே கேமுக்கு அதே ஆண்டு மே மாதம் இன்னொரு பூட்டு. கணினியில் விளையாடுகிறவர்களும் சோனியின் பிளேஸ்டேஷன் கணக்கை இணைத்தே ஆகவேண்டும் என்றது சோனி. ஆனால் பல நாடுகளில் அந்தக் கணக்கே தொடங்க முடியாது! விளைவு? 177 நாடுகள், பிரதேசங்களில் விற்பனை நின்றது. இந்தியாவில் கணக்கு உண்டு, பாக் நீரிணைக்கு அந்தப்பக்கம் இலங்கையில் கிடையாது. தென்காசித் தம்பி விளையாடலாம், யாழ்ப்பாணத் தம்பிக்குக் கதவடைப்பு! 2 லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்மறை விமர்சனங்கள் குவிந்தன. சில நாளிலேயே சோனி பின்வாங்கியது!

சரி, பாஸ்வேர்டு சரி, நெட் சரி, சர்வரும் சரி. ஆனாலும் ‘லாகின் தோல்வி’யா? கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள்! சிரிக்காதீர்கள். உள்ளே விடும் முன் சர்வர் ஓர் அடையாளச் சான்றிதழைக் காட்டும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும் என்று அதில் இருக்கும். உங்கள் கணினி இன்னும் 2010-லேயே உட்கார்ந்திருந்தால் அந்தச் சான்றிதழை நம்பாது! கடிகாரம் ஏன் பின்னால் போகிறது? மதர்போர்டில் காசு போல ஒரு பேட்டரி, பெயர் சி.ஆர். 2032. அந்த எண்ணே அதன் அளவுதான்: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம்! அது தீர்ந்தால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தேதி பழசாகிவிடும். பல ஆயிரம் ரூபாய் கிராஃபிக்ஸ் கார்டை ஒரு பொத்தான் பேட்டரி வாசலில் நிறுத்திவிடுகிறது!

லாகினை உறுதிசெய்ய எண் தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப்பும் இதே ரகம்தான். அதன் ஆறிலக்க எண் வழக்கமாக 30 விநாடிக்கு ஒருமுறை மாறும், நெட்டே இல்லாமல்! எப்படி? ரகசிய எண் ஒன்றையும் அந்த நேரத்தையும் வைத்து மொபைலும் சர்வரும் தனித்தனியே கணக்குப் போடுகின்றன. மொபைல் கடிகாரம் சில நிமிடம் தப்பினால் விடையும் தப்பு! நேரத்தை ‘ஆட்டோமேட்டிக்’கில் போடுங்கள், அவ்வளவுதான்.

இப்படி ஓர் ஆப், ‘ஒன்ஆத்’, மென்பொருள் நிறுவனமான ஸோஹோவிடமும் உண்டு. ஸோஹோ என்றதும் மத்தளம்பாறை ஞாபகம் வருகிறதா? தென்காசிப் பக்கத்து அந்தக் கிராமத்து அலுவலகத்தில் உருவானதுதான் ‘ஸோஹோ டெஸ்க்’. என்ன வேலை செய்யும் தெரியுமா? வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் மென்பொருள்! ‘லாகின் ஆகலை’ என்று எந்த ஊரிலோ ஒருவர் புலம்ப, அதை வரிசைப்படுத்தித் தரும் கருவி குற்றாலச் சாரல் அடிக்கும் ஊரிலிருந்து போயிருக்கிறது!

அந்த ஸோஹோவுக்கே லாகின் தலைவலி வந்தது தெரியுமா? 2025 செப்டம்பரில் அதன் ‘அரட்டை’ மெசேஜிங் ஆப்பில் தினமும் 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்தது, மூன்றே நாளில் 3.5 லட்சம் ஆனது! 100 மடங்குக்கும் மேல்! ஓடிபி தாமதமாகலாம் என்று நிறுவனமே அறிவித்தது.

ஓடிபி என்றதும் இன்னொன்று. 2021 மார்ச் 8 அன்று இந்தியா முழுக்க வங்கி முதல் ஆதார் வரை ஓடிபி வராமல் மக்கள் திணறினார்கள். ஸ்பேம் குறுஞ்செய்திகளை வடிகட்டக் கொண்டுவந்த புது விதி, நல்ல செய்திகளையும் சேர்த்து வடிகட்டிவிட்டது! தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அதை ஏழு நாள் நிறுத்திவைத்தது.

பக்கத்து வீட்டுப் பையன் ஏமாற்றி விளையாடினால் உங்கள் லாகின் போகுமா? போகலாம்! பழைய முறையில் இணைய முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. உலக மக்கள்தொகையில் பாதிச்சொச்சத்துக்குத்தான் வரும்! அதனால் பல வீடுகளுக்கு ஒரே முகவரியைப் பங்கிட்டுத் தருகிறார்கள். கேம் நிறுவனம் அந்த முகவரியைத் தடுத்தால் அத்தனை பேரும் வெளியே! மொபைல் ஹாட்ஸ்பாட்டில் உள்ளே போகிறதா என்று பாருங்கள். போனால் காரணம் அதுவாக இருக்கலாம்.

சட்டமே லாகினைப் பூட்டியதும் உண்டு. தென்கொரியாவில் 2011 முதல் பத்தாண்டு, 16 வயதுக்குக் கீழானவர்களுக்கு நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை ஆன்லைன் கேம் கிடையாது! நம் தமிழ்நாடும் 2025-ல் நள்ளிரவு 12 முதல் 5 மணிவரை லாகினுக்குத் தடை போட்டது. பதறாதீர்கள், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்கு மட்டும்!

கடைசியாக இதைக் கேளுங்கள். 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. பழைய 32-பிட் கடிகாரங்களில் எண் நிரம்பி வழியும் கணம் அது! மாற்றாமல் விட்ட கருவிகள் அடுத்த விநாடியே 1901 டிசம்பருக்குக் குதித்துவிடும். செங்கோட்டை–கொல்லம் ரயில் பாதைகூடத் திறக்கப்படாத ஆண்டு அது! அந்தத் தேதியோடு போய் நின்றால் எந்த சர்வர் உள்ளே விடும்?