ஏலகிரி சுவாமிமலை: ஊட்டியை மறந்துவிட்டு ஏறுங்கள்!

ஆம்பூர் என்றதும் முதலில் பிரியாணி, அடுத்து தோல் ஷூ. அந்த ஷூ தொழிலின் வேரைப் பார்க்க வேண்டுமா? ஏலகிரி அடிவாரத்தில் வண்டியைக் கொஞ்சம் ஓரங்கட்டுங்கள். கல்லும் செம்மண்ணுமான வறண்ட சரிவில் மஞ்சள் பூவோடு நிற்கும் ஆவாரஞ்செடிதான் அது. பொங்கலுக்குப் பல ஊர்களில் வேப்பிலையோடு சேர்த்துக் காப்புக் கட்டுவார்களே, அதே பூ. இதன் பட்டையை ஊறவைத்த நீரில்தான் அந்தக் காலத்தில் தோலைப் பதப்படுத்தினார்கள். பட்டையின் துவர்ப்பு, தோலை அழுகவிடாது. பிறகு வாட்டில் பட்டை வந்தது, குரோமியம் வந்தது. தோல் கழிவால் பாலாறு பட்ட பாடு 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. அது தனிக் கதை.

ஆவாரை செழிக்கிற பூமி என்றாலே மழை குறைவு என்று புரிந்துகொள்ளலாம். வேலூர், திருப்பத்தூர் மலைகளில் பெரும்பகுதி முட்புதரும், கோடையில் இலை உதிர்க்கும் மரங்களும்தான். பனிமூட்டமும் தேயிலைத் தோட்டமும் தேடி வந்தால் ஏமாந்துபோவீர்கள்.

ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். திருவள்ளுவர், கம்பர், பாரதியார் என்று வளைவுக்கு ஒரு பெயர். மேலே போய்ச் சேர்வதற்குள் பிள்ளைகளுக்கு ஒரு தமிழ் வகுப்பே முடிந்துவிடும்! மலைமீதுள்ள மங்கலம் கிராமத்திலிருந்து தொடங்குகிறது சுவாமிமலை ஏற்றம். ஏலகிரியின் உயரமான இடம் இதுதான்; உச்சியில் சிவன் கோயில் இருக்கிறது.

2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 பாதைகளில் சுவாமிமலையும் ஒன்று. அதன் இணையதளத்தில் முன்பதிவு செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார்.

‘கோயில் மலைக்கு ஏறப் பதிவும் வழிகாட்டியும் எதற்கு?’ என்று சிலர் முணுமுணுப்பது உண்டு. 2018 மார்ச் 11-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில், நடைபயணம் போன 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தீ, சமதரையில் போவதைவிடச் சரிவில் மேல்நோக்கி வேகமாக ஏறும். கீழே எரிகிற நெருப்பின் அனல், மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். காற்றும் சேர்ந்துகொண்டால், ஓடும் மனிதனை அது முந்திவிடும். எந்தப் பக்கம் இறங்கலாம், எங்கே புல் இல்லாத பாறை இருக்கிறது என்பதெல்லாம் அந்த மலையில் வளர்ந்தவருக்குத்தான் தெரியும். தீ அபாயம் உள்ள கோடை வாரங்களில் பாதைகளை மூடுவதும் இதனால்தான். அப்போது ‘யாருக்குத் தெரியப்போகிறது’ என்று குறுக்கு வழியில் நுழைவது, என்னைக் கேட்டால், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு செய்கிற காரியமே இல்லை. ஒரு துண்டு பீடி போதும், மலை முழுக்கப் பற்றிக்கொள்ள.

போவதற்கு நல்ல காலம், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை மாதம் வரை. ஜலகாம்பாறை அருவியிலும் தண்ணீரைப் பார்க்கலாம். விடியலிலேயே ஏறத் தொடங்குங்கள். பத்து மணிக்கு மேல் பாறை சூடேறிவிடும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிமானமான ஷூ வேண்டும். வெயிலில் தலை சுற்றினால் கௌரவம் பார்க்காமல் நிழலில் உட்கார்ந்துவிடுங்கள். உச்சி எங்கும் போய்விடாது.

இறங்கியதும் பசிக்கும். ஆம்பூர் பக்கம்தான். பிரியாணியோடு கத்திரிக்காய் தொக்கையும் கேட்டு வாங்குங்கள்.