இரவல் குரல்

கல்யாணத்துக்கு இரவல் நகை போட்டுக்கொண்டு போவதுண்டு. குரலையே இரவல் வாங்கிய நாட்டைத் தெரியுமா?

ஐரோப்பாவிலுள்ள லக்ஸம்பர்க்தான் அது! பரப்பு 2,586 சதுர கிலோமீட்டர். யூரோவிஷன் பாட்டுப் போட்டியிலோ 1961, 1965, 1972, 1973, 1983 என்று ஐந்து முறை முதலிடம். பாடியவர்களில் நால்வர் பிரெஞ்சுக்காரர். ஒருவர் கிரேக்கப் பெண்மணி. பாடுகிறவர் சொந்த நாட்டவராக இருக்கவேண்டும் என்ற விதிதான் இல்லையே!

ஜயித்த நாடு அடுத்த போட்டியை நடத்துவது வழக்கம். அடுத்தடுத்து இரு முறை ஜயித்ததும் செலவை நினைத்து மலைத்தது. 1974-ல் பிரிட்டன் நடத்திக் கொடுத்தது. 1993-க்குப் பின் போட்டிக்கே முழுக்கு!

31 ஆண்டுகள் கழித்து, 2024-ல் மீண்டும் வந்தது. லக்ஸம்பர்க்கில் வளர்ந்த டாலி பாடினார். கிடைத்தது 13-வது இடம். அதனாலென்ன? இரவல் அட்டிகையைவிடச் சொந்தத் தோடு அழகல்லவா?