இராமேசுவரத்தில் ஒரு நாள் வாடகைக் கார்

கோவில்பத்துப் பார்வதீசுவரரை வணங்கி, துணைவியாருடன் இராமேசுவரம் புறப்பட்டேன். சென்ற முறை எதுவும் பேசாமல் காரில் ஏறினோம். ஓட்டுநரின் அவசரத்தால், முழங்கால் வலியுடைய துணைவியார் கோதண்டராமரைத் தரிசியாமலே திரும்பினார்.

இம்முறை வாடகை, காத்திருக்கும் நேரம், செல்லும் இடங்கள் மூன்றையும் முதல்நாளே பேசி எழுதிக்கொண்டோம். காலையில் 22 தீர்த்தங்களிலும் நீராடி, ஈர உடை மாற்றி, இராமநாதசுவாமியைத் தரிசித்தோம். நடை சாத்திய நண்பகலில் ஓட்டுநரையும் உடன் அமர்த்தி உணவருந்தினோம்.

பின்னர், 1964 புயலிலும் நிலைத்து நின்ற கோதண்டராமர் கோயில். விபீஷணருக்கு இராமபிரான் முடிசூட்டிய தலம். அங்கே துணைவியாரைக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்றவர் அவ்வோட்டுநரே. மாலை மயங்குமுன் தனுஷ்கோடி அரிச்சல்முனையும் கண்டோம்.

மூத்த அன்பர்களே! இடங்களைக் குறைத்து நேரத்தைக் கூட்டிப் பேசுங்கள். ஓட்டுநரின் பசியையும் கேளுங்கள்.