முருகைக்கு வேண்டும் வெளிச்சம்

குறிகட்டுவானிற் படகேறி நெடுந்தீவில் வந்திறங்குவோர் முதலிற் கண்டு வியப்பன இவ்வூர் வேலிகளே. கிடுகாலும் பனையோலையாலும் அடைத்த வேலிகளைக் கண்டு பழகிய கண்ணுக்கு, சாந்து பூசாது ஒன்றன்மேலொன்றாய் அடுக்கி நிறுத்திய முருகைக்கல் மதில்கள் புதுமையாய்த் தோன்றும். அக்கல்லொன்றைக் கையிலெடுத்து உற்றுநோக்கின், விண்மீன் வடிவான சிறு குழிகள் நெருங்கி அமைந்திருத்தல் புலனாகும். குழி ஒவ்வொன்றும் ஒருகால் ஓருயிர் குடியிருந்த வீடு. இத்தீவில் 'வளரும் கல்' எனப் பெயர்பெற்ற கல்லொன்றுண்டு. அதனைத் தேடி வருவோரும் பலர். அது வளர்கின்றதோ, அன்றோ என்னும் வழக்கினுள் யான் நுழைய விரும்பேன். ஆயின், அதனைக் காணச் செல்லும் வழியில் இருமருங்கும் நிற்கும் வேலிக்கற்கள் யாவும் மெய்யாகவே வளர்ந்த கற்கள் என்பதை நினைப்பார் மிகச் சிலர். அவை வெளிச்சத்தை உண்டு வளர்ந்தவை.

இக்கட்டுரைக்குக் காரணமாயது ஒரு கடிதம். இத்தீவிற் பிறந்து இப்பொழுது கனடாவில் வாழும் பழைய மாணவர் ஒருவர், வீட்டில் இரண்டடி ஆழமான கண்ணாடித் தொட்டியமைத்து, அதனுட் பலவகை முருகைகளை ஒருங்கே வளர்க்கத் தொடங்கினார். விலையுயர்ந்த விளக்கொன்றை வாங்கி மேலே பொருத்தினார். இரு வாரங்களுள் மூளைமுருகை வெளுத்தது. மான்கொம்பு போன்ற கிளைமுருகையோ நிறங்கெட்டுக் கபிலமாயிற்று. "ஒரே விளக்கின் கீழ் ஒன்று வெளுப்பதும் மற்றொன்று கறுப்பதும் எப்படி, சேர்? எனக்குப் போதுமான வெளிச்சம் எது?" என்று வினவியிருந்தார். யான் கலைத்துறையில் வெளிவாரியாகப் பட்டம் பெற்றவன். விலங்கியல் என் பாடமன்று. எனினும், வினா நம் கடலைப் பற்றிய வினாவாதலின், நூல்களைத் தேடிப் படித்து விடை எழுத முற்பட்டேன். அவ்விடையே ஈண்டு விரித்துரைக்கப்படுகின்றது.

முதற்கண் ஒரு சொன்மயக்கத்தை நீக்குதல் வேண்டும். நவமணிகளுள் ஒன்றாக எண்ணப்படும் செம்பவளம் வேறு, நம் கரையோரத்து முருகை வேறு. மத்தியதரைக் கடலிலே குகைகளின் இருளிலும் ஆழத்தின் மங்கலிலும் வாழ்வது அச்செம்பவளம். அதற்கு வெளிச்சம் வேண்டுவதில்லை. பிறர் தரும் இரையைப் பற்றி உண்டே அது வாழும். பாறைகட்டும் முருகையின் வாழ்வு அத்தகையதன்று. அதன் மெல்லுடலின் உயிரணுக்களுக்குள்ளே, கண்ணுக்குப் புலனாகாத ஒருகல அல்காக்கள் இலட்சக்கணக்கில் வாழ்கின்றன. அவை ஒளித்தொகுப்பினால் ஆக்கும் உணவின் பெரும்பகுதி முருகைக்குச் சேருகின்றது. முருகையின் கழிவுப்பொருள் அல்காவுக்கு உரமாகின்றது. முருகையின் கபில நிறமும் பெரும்பாலும் அவ்வல்காக்களின் நிறமேயாகும். அவை நீங்கினால் கண்ணாடி போன்ற தசையினூடாக வெள்ளை எலும்புக்கூடு தோன்றும். வெளுத்தல் என்பது இதுவே. வெளுத்த முருகை இறந்த முருகையன்று, பட்டினி கிடக்கும் முருகை என்று கொள்க.

இவ்வுண்மை எளிதில் தெளிவுபட்டதன்று. 1928ஆம் ஆண்டு தொடங்கி 1929 வரை அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்பு முருகைத்தொடரில் தங்கி ஆராய்ந்த பிரித்தானியக் குழுவின் தலைவர் யொங் என்பார், முருகைகளை ஒளிபுகாப் பெட்டிகளிலிட்டு வைத்துப் பார்த்தார். அல்காக்கள் நீங்கின, ஆயினும் இரை கிடைத்த முருகைகள் உயிரோடிருந்தன. ஆதலின் அல்கா முருகைக்கு உணவூட்டுவதில்லை என அவர் முடிவு செய்தார். காட்சி சரி, முடிவுதான் பிழை. கதிர்வீசும் கல்சியத்தைக் கொண்டு யமெய்க்காவில் ஆராய்ந்த கோரோ என்பார், முருகை இருளிலும் பார்க்க வெளிச்சத்திற் பன்மடங்கு விரைவாகச் சுண்ணக்கல்லைப் படியவைத்தலை 1959இல் வெளியிட்டார். இருளிலே முருகை சிலகாலம் உயிர்வாழலாம். ஆயின் கல்லாக வளர்தல் அரிது. யொங் அவர்களின் பெட்டிக்குள் கிடந்தவை போன்ற முருகைகளால் நெடுந்தீவு வேலிக்கு ஒரு கல்லும் கிடைத்திராது.

இனி, வெளிச்சத்தை அளத்தல் எங்ஙனம்? நம்மவர் விளக்கை வாற்றுக் கணக்கிற் பேசுவர். வாற்று என்பது விளக்கு உண்ணும் மின்வலுவின் அளவேயன்றி, அது தரும் ஒளியின் அளவன்று. உலட்சு என்னும் அளவு ஒளியைக் குறிப்பதே. ஆயினும் அது மனிதக் கண்ணை நடுவாக வைத்து வகுத்த அளவு. நம் கண்ணுக்கு மிகப் பிரகாசமாய்த் தோன்றுவது 555 நனோமீற்றர் அலைநீளமுள்ள பச்சையொளி. முருகையின் அல்காவோ 430 முதல் 500 நனோமீற்றர் வரையான நீலத்தையும் நீலப்பச்சையையுமே பெரிதும் பற்றிக்கொள்வது. கடல்நீர் சிவப்பொளியைச் சில மீற்றருள் விழுங்கிவிட, நீலமே ஆழஞ் சென்று சேருதலின், கடலில் வாழும் அல்காவுக்கு இத்தன்மை பொருந்துவதேயாம். ஆதலால் நமக்கு மங்கலாய்த் தோன்றும் நீல விளக்கு முருகைக்கு உச்சிவெயிலாக இருத்தல் கூடும். கண்ணை நம்பி விளக்கைத் தேர்ந்தோர் ஏமாறுவது இங்கேதான். என் மாணவரும் ஏமாந்தது இங்கேதான். "போதாது போலத் தோன்றியது, கூட்டினேன்" என்று அவரே எழுதியிருந்தார்.

முருகை வளர்ப்போர் கொள்ளத்தக்க அளவு, 400 முதல் 700 நனோமீற்றர் வரையான ஒளித்துணிக்கைகள் ஒரு சதுர மீற்றரில் ஒரு செக்கனுக்கு எத்தனை மைக்கிரோமூல் வீழ்கின்றன என்பது. அதனை அளக்கும் கருவியைத் தொட்டியின் நீருக்குள்ளேயே இறக்கி, முருகை இருக்கும் இடத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும். வெப்பவலயத்தில் முகிலற்ற நண்பகலிற் கடல்மட்டத்தில் இவ்வளவு ஏறத்தாழ 2000 ஆகும்.

அந்த 2000இல் முருகைக்குச் சென்று சேர்வது எவ்வளவு? நீர் ஒளியைக் கழித்தலால் அன்றி, வீதப்படி குறைக்கின்றது. ஒவ்வொரு மீற்றரிலும் எஞ்சியதன் ஒரு பங்கு போய்விடும். குறைப்புக் குணகம் மீற்றருக்கு 0.1 ஆகவுள்ள தெளிந்த நீரில், ஐந்து மீற்றர் ஆழத்திற்கு மேற்பரப்பொளியின் 61 வீதம் சேரும். அஃதாவது ஏறத்தாழ 1200. குணகம் 0.5 ஆகவுள்ள கலங்கிய நீரில், அதே ஐந்து மீற்றரில் 8 வீதமே, ஏறத்தாழ 160 மட்டுமே, சேரும். ஆழம் ஒன்று, கதிரவன் ஒன்று. வெளிச்சமோ ஏழிலொரு பங்கு.

இக்கணக்கை யான் எடுத்துக்காட்டியது வீணுக்கன்று. பாக்கு விரிகுடா ஆழங்குறைந்த கடல். வாடைக்காற்றுக் காலத்தில் அடிமண் கிளம்பி நீர் பால்போற் கலங்குதலையும், காற்றடங்கியபின் அடிமணல் தெரியத் தெளிதலையும் இத்தீவார் ஆண்டுதோறுங் காண்பர். எதிர்க்கரையிலுள்ள மண்டபத்தில் கோபிநாத பிள்ளை என்னும் அறிஞர் இவ்விரிகுடாவினதும் மன்னார் விரிகுடாவினதும் முருகைகளைப் பல்லாண்டு ஆராய்ந்தார். 1969 சனவரியில் அவ்வூரிற் கூடிய கருத்தரங்கே, பின்னர் உலகெங்கும் தொடர்ந்த பன்னாட்டு முருகைப்பாறைக் கருத்தரங்குகளுள் முதலாவதாக எண்ணப்படுகின்றது. நம் பக்கத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் முருகைப்பாறைகள் பற்றி 2021இல் வெளியான ஆய்வொன்று, இலங்கைக்குப் புதியனவாக 36 இனங்களை உறுதிசெய்தது. வீட்டு வாசலிற் கிடந்ததை நாம் எண்ணிப் பார்க்க இத்துணைக் காலஞ் சென்றது.

கலங்குநீரில் வாழும் உருண்டை முருகைகளும் மூளைமுருகைக் குடும்பத்தனவும் குறைந்த வெளிச்சத்துக்குப் பழகியவை. ஒளி குறையுந்தோறும் முருகை தன் அல்காக்களையும் அவற்றின் பச்சையத்தையும் பெருக்கிக் கருமையுறும். சிறிது மழை பெய்யும் ஊரில் வீட்டார் குடங்களையெல்லாம் முற்றத்தில் வைத்தலை இதற்கு ஒப்புக்கூறலாம். அந்நிலையில் திடீரெனப் பேரொளி படுமாயின், அத்தனை பச்சையமும் ஒருங்கே ஒளியைப் பற்ற, பயன்படுத்த இயலாத மிகுதி நச்சுத்தன்மையுள்ள ஒட்சிசன் வடிவங்களைத் தோற்றுவிக்கும். முருகை தன்னைக் காத்தற்கு அல்காக்களை வெளியேற்றும். நீரும் சுடுமாயின் கேடு இரட்டிக்கும். 1998இல் இலங்கையைச் சூழ்ந்த கடல் வெம்மையுற்றபோது முருகைகள் பெருவாரியாக வெளுத்து மடிந்தமை இவ்வழியாலேயே.

ஆகவே, 'போதுமான வெளிச்சம்' என்பது விளக்கின் பண்பன்று. முருகைக்கும் அது நிற்கும் இடத்துக்கும் உள்ள பொருத்தமாகும். ஒளி மிகமிக ஒளித்தொகுப்பும் மிகும் என்பது ஓரெல்லை வரையிலேயே உண்மை. அவ்வெல்லைக்கு அப்பாற் கொட்டுவது வீண்; மேலுங் கொட்டுவது கேடு. வளர்ப்போர் அநுபவத்தில் மென்முருகைகளுக்கு 50 முதல் 150 வரையும், தசைப்பற்று மிக்க மூளைமுருகை முதலியவற்றுக்கு 100 முதல் 200 வரையும், கிளைமுருகைகளுக்கு 250 முதல் 400 வரையும் போதியனவாகக் கண்டுள்ளனர். நண்பகற் கடலின் 2000ஐ எந்தத் தொட்டியிலும் தேட வேண்டுவதில்லை.

பலவகை முருகைகள் ஒருங்கு வாழும் தொட்டிக்கு இதனால் ஒரு வழி கிடைக்கின்றது. எல்லாவற்றுக்கும் ஒத்த வெளிச்சம் தரும் விளக்கைத் தேடித் திரிதல் வேண்டா. மேல் அடுக்கில் 300 அளவு கிடைக்குமாறு விளக்கை அமைத்து, ஏனையவற்றைத் தத்தமக்குரிய படியில் இருத்துக. இரண்டடி ஆழத் தொட்டியின் தெளிந்த நீர் தானாக உண்ணும் ஒளி சிறிதே. அடியில் ஒளி குறைவது விளக்கின் தூரத்தாலும், ஒளி விரிந்து செல்வதாலும், பாறையின் நிழலாலுமே. நீண்ட குழாய் விளக்குகள் நிழலின்றிப் பரவலாக ஒளி தருவன. ஆயின் ஓராண்டு அளவில் அவற்றின் ஒளியும் நிறமும் தளர்தலின் மாற்றுதல் வேண்டும். உலோக ஏலைட்டு விளக்கு கதிரவனொளி நீரலையில் ஆடுவதுபோன்ற அழகைத் தரும். அதன் சூடு தொட்டிக்குப் பகை. இக்காலத்து எல். ஈ. டி. விளக்குகள் மின்செலவிற் குறைந்தவை, கூட்டவும் குறைக்கவும் எளியவை. அவ்வெளிமையே அவற்றின் இடர் என்றுஞ் சொல்லலாம். அவை ஒரு புள்ளியிலிருந்து வீசுவதால் நடுவில் மிக்கும் ஓரத்தில் குன்றியும் ஒளி வீழும். ஒன்றே வாங்க வல்லவர் அதனைச் சிறிது உயர்த்தித் தொங்கவிடுவாராயின் ஒளி பரவிச் சமன்படும்.

நாளுக்கு எத்தனை நாழிகை என்பதும் ஒளியின் அளவே. நம் தீவு ஏறத்தாழ ஒன்பதரைப் பாகை வடக்கில் இருத்தலின், ஆண்டு முழுவதும் பகல் பன்னிரண்டு மணிக்குச் சற்றே கூடியுங் குறைந்தும் வரும். அதிலும் காலை மாலை வெயில் மெல்லியது. தொட்டியில் முழுவொளி எட்டு முதல் பத்து மணி வரை அமைதல் சாலும். 300 அளவு பத்து மணிநேரம் நின்றால், அன்றைய கூட்டுத்தொகை சதுர மீற்றருக்கு 10.8 மூல் ஆகும். இரவு இருளாகவே இருத்தல் வேண்டும்.

நம் கடலோடு ஒத்துப்பார்க்கத்தக்க இன்னொரு செய்தியுமுண்டு. நாட்பட்ட தொட்டிநீர் சிறிது மஞ்சளாகும். அம்மஞ்சள் நீலவொளியை விழுங்கும். புதிய கரியிட்டு வடித்தவுடன் நீர் பளிங்காகும். விளக்கை எவரும் தொடாதிருக்கவும், மறுநாள் முருகைகள் வெளுப்பதைக் கண்டு வளர்ப்போர் திகைப்பர். வாடை நின்று கடல் தெளிவது நாட்கணக்கில் நிகழ்வது. கரியோ ஓரிரவில் முடித்துவிடும். ஆதலின் கரியைச் சிறிது சிறிதாகவே இடுக.

என் மாணவருக்கு எழுதிய விடை வருமாறு. மூளைமுருகை விளக்கின் நடுக்கீழ்ப் பாறையுச்சியில் நின்றது; அதனைத் தொட்டியின் அடிக்கு, ஓரத்துக்கு மாற்றுக. கிளைமுருகை அப்பாறையின் நிழலிற் கிடந்தது. அதனை உச்சிக்கு ஏற்றுக. ஏற்றுமுன் விளக்கைப் பாதிக்குக் குறைத்து, பின் நான்கு கிழமைகளிற் படிப்படியாகக் கூட்டுக. முருகைவளர்ப்போர் சங்கத்தில் அளவுகருவியை இரவல் பெற்று, இடந்தோறும் அளந்து ஒரு தாளிற் குறித்துக்கொள்க. வெளுத்ததற்கு இராக்காலத்தில் நுண்ணிய இரை ஊட்டுக. புதிய முருகை வேண்டின், பிறர் தொட்டியில் வளர்ந்த துண்டையே வாங்குக. இலங்கைக் கடலில் உயிருள்ள கல்முருகையை எடுத்தல் சட்டத்தால் விலக்கப்பட்டது. ஊரிலிருந்து ஒன்று அனுப்ப முடியுமா என்று கடிதத்தின் ஓரத்தில் அவர் கேட்டிருந்ததற்கும் இதுவே விடை.

இரண்டு திங்கள் கழித்துப் படமொன்று வந்தது. மூளைமுருகையின் மடிப்புகளில் கபிலம் மீண்டு, ஓரங்களில் மட்டும் வெண்மை எஞ்சியிருந்தது. கருவி அவ்விடத்திற் காட்டிய அளவு 120. தொடக்கத்தில் அது நின்ற பாறையுச்சியை விளக்கு முழுவலுவில் எரியும்போது அளந்து பார்த்தாராம், 610.